பழி கரந்த சொல்லும் பழனி மலையும்

1891ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் கோடைக்கானலில் கண்மூடிய கால்டுவெல் ஐயர், அயர்லாந்தில் கிளாடி என்னும் சிற்றூரிலே பிறந்து, டப்ளின் நகரத்தில் இளமையில் சித்திரக்கலை பயின்று, 1838இல் சென்னைக் கரையில் இறங்கி, அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழோடு வாழ்ந்தவர். அவருடைய உடலை மலையிலிருந்து இறக்கி, இடையன்குடிக்குக் கொண்டு சென்று, அவரே எழுப்பிய தேவாலயத்தினுள் அடக்கம் செய்தார்கள். அவர் சித்திரம் பயின்ற அந்த டப்ளினிலேதான், அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னர், தூய பாத்திரிக் பேராலயத்தின் தலைமைக் குருவாக வீற்றிருந்த ஜோனதன் ஸ்விப்ட், 1729இல் ஒரு சிறு பிரசுரத்தை வெளியிட்டார். ஏழைகளின் ஒரு வயதுக் குழந்தைகளைச் செல்வர்களின் உணவுக்கு விற்றுவிட்டால் அயர்லாந்தின் வறுமை தீரும் என்பது அப்பிரசுரத்தின் யோசனை. ஒரு லட்சத்து இருபதாயிரம் குழந்தைகள் என்று கணக்கெடுத்து, அவர்களுள் இருபதாயிரம் பேரை வம்சவிருத்திக்கு ஒதுக்கி, குழந்தை ஒன்றுக்குப் பத்து ஷில்லிங் என்று விலையும் குறித்துவிட்டு, இந்த ஏற்பாட்டினால் தமக்கு ஆதாயம் ஏதுமில்லை, தம் கடைசிக் குழந்தைக்கு ஒன்பது வயதாகிவிட்டது, மனைவியும் பிள்ளைப்பேற்றுப் பருவத்தைக் கடந்துவிட்டாள் என்று, தர்மவான் ஒருவரின் குரலிலே அதைச் சொல்லி முடிக்கிறார் எழுதுபவராக வரும் அந்தக் கற்பனைக் கனவான். முதன்முறை படிக்கும் மாணாக்கர்கள் பாதி தூரம் வரையில் அதனை மெய்யென்றே எடுத்துக்கொண்டு, பிறகு திடுக்கிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்புவார்கள். அந்தத் திரும்புதலே ஆசிரியர் கருதிய பலன்.

இவ்வகை எழுத்தைப் பயிற்றுவிக்கும்போது மேல்நாட்டு இலக்கண நூல்களின் பரிபாஷையைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். தொல்காப்பியர் செய்யுளியலிலே அங்கதத்தை இரண்டாகப் பகுத்தார்: நேர்முகமாக வைவது செம்பொருள் அங்கதம், பழிப்பை உள்ளே மறைத்து, மேலே வேறொன்றைச் சொல்வது பழிகரப்பு அங்கதம். புகழ்வதுபோலப் பழிப்பதைப் பிற்காலத்து அணிநூலார் வஞ்சப்புகழ்ச்சி என்றார்கள். ஸ்விப்டின் பிரசுரம் பழிகரப்பின் உச்சம் என்று சொன்னால் தமிழ் மாணவனுக்கு அரைநாழிகையில் விளங்கிவிடும்.

மலைவாசஸ்தலங்களுக்கும் ஆங்கிலச் சிறுகதைக்கும் ஒரு பந்தம் உண்டு. 1864 முதல் இந்திய அரசாங்கத்தின் கோடைத் தலைநகராக விளங்கிய சிம்லாவின் விருந்துகளையும், பதவிக்காக நடக்கும் உபாயங்களையும், வம்புப் பேச்சுகளையும் வைத்துக்கொண்டு ருட்யார்டு கிப்ளிங் எழுதிய கதைகள் 1888இல் கல்கத்தாவில் தொகுதியாக வெளிவந்தன. கோடைக்கானலோ என்றும் அரசாங்கத்தின் தலைநகரமாக இருந்ததில்லை. மதுரைச் சமவெளியின் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தம் மக்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷன் குடும்பத்தார், பெரியகுளத்துக்கு அப்பால் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான பாதையில் ஏறி, 1845இல் இங்கே இரண்டு வீடுகள் கட்டிக்கொண்டார்கள். அவர்களைத் தொடர்ந்து, டோலியிலும் நாற்காலியிலும் கூலியாட்கள் சுமந்துவர, மற்றவர்கள் வந்தார்கள். பாதிரிமாரின் ஊராகவே நெடுங்காலம் இருந்த இவ்விடத்தில் கிப்ளிங்கின் நையாண்டிக்கு ஏற்ற விளைநிலம் இல்லை. ஆயினும் பரிகாச இலக்கியத்தின் சரித்திரத்தில் இம்மலைக்கு உரிய இடம் சிம்லாவினுடையதைக் காட்டிலும் ஆழமானது என்று நான் கருதுகிறேன்.

கோடைக்கானலிலிருந்து கீழே இறங்கும் வழியில் உள்ள செண்பகனூரில் இயேசு சபையார் 1895இல் தங்கள் திருஇருதயக் கல்லூரியை ஸ்தாபித்தார்கள். பழைய மதுரை மிஷனைச் சேர்ந்த கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் அங்கேதான் நெடுங்காலம் பேணப்பட்டன; நாயக்கர் காலத்து மதுரையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்களுக்கு இந்த மிஷன் கடிதங்கள் பெருந்துணையாயின. அந்த மிஷனின் மிகப் பெரிய தமிழ்ப் புலவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த அவரும் 1667இல் டப்ளினில் பிறந்த ஸ்விப்டும் ஒரே காலத்தவர். ஸ்விப்டின் கல்லிவர் யாத்திரை அச்சேறிய 1726ஆம் ஆண்டே முனிவரின் காவியமாகிய தேம்பாவணி முற்றுப்பெற்ற ஆண்டென்றும் சொல்வர். இருவரும் குருமார்; இருவரும் சண்டைக்கு அஞ்சாதவர்கள். தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை எதிர்த்து முனிவர் எழுதிய கண்டன நூல்கள் செம்பொருள் அங்கதம். அவற்றை இன்று தர்க்கப்பிரியர்கள் அல்லாமல் வேறு யாரும் படிப்பதில்லை. மக்கள் பேசும் தமிழைத் தம் சக பாதிரிமார் கற்கவேண்டும் என்பதற்காக அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையோ இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும் அவர்களுடைய குருவும் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று அறியக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் தோய்க்க, அது சீறிப் புகைகிறது. ஆகவே ஆறு விழித்திருக்கிறது என்று காத்திருந்து, பின்னர் அணைந்துபோன அதே கட்டையைத் தோய்த்துப் பார்த்து, சத்தமில்லை, உறங்கிவிட்டது என்று கடக்கிறார்கள். இதனைவிட எனக்கு விசேஷமாகத் தோன்றுவது குதிரைச் சவாரிக் கதை. தலைப்பாகை விழுந்தும் சீடர்கள் எடுக்கவில்லை, சொல்லவில்லையே என்றார்கள். விழுந்ததையெல்லாம் எடுக்கவேண்டும் என்று குரு கட்டளையிட, குதிரையின் சாணத்தைத் தலைப்பாகையில் ஏந்திக்கொண்டு வந்தார்கள். ஆகவே எடுக்கத்தக்கவற்றை ஓலையில் எழுதிக் கொடுத்தார் குரு. பிறகு அவரே குதிரையோடு குழியில் விழுந்தார். சீடர்கள் ஓலையைப் படித்துப் படித்து, தலைப்பாகையை எடுத்தார்கள், வேட்டியை எடுத்தார்கள், மற்ற உடுப்புகளையும் எடுத்தார்கள். குருவை எடுக்க ஓலையிலே விதியில்லை என்று நின்றுவிட்டார்கள். குழிக்குள் கிடந்தபடியே தம் பெயரையும் அந்த ஓலையில் எழுதிச் சேர்த்த பிறகே குரு வெளியேறினார்.

இதனைச் சொல்லும் குரலில் ஒரு சிரிப்பொலியும் இல்லை. சீடர்களின் நியாயத்தை நியாயமாகவே, சாவதானமாக, வழக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறது கதை. இந்து மடாதிபதிகளைப் பரிகசிக்கவே இந்நூல் எழுந்தது என்பார் உண்டு. எழுதப்பட்ட விதியைக் கையிலேந்தி எதிரே கிடக்கும் மனிதனைக் காணாதவர்கள் எல்லா மதத்திலும் எல்லாக் கச்சேரிகளிலும் இருப்பதால், அந்தக் குறுகிய பொருளில் அதை அடைப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. சென்னை அரசாங்க உத்தியோகத்தில் இருந்த பாபிங்டன் இதனை மொழிபெயர்த்து 1822இல் லண்டனில் தமிழ் மூலத்தோடு பதிப்பித்தார். 1861இல் ஆல்பிரெட் குரோக்குயில் என்பவரின் சித்திரங்களோடு அங்கே ஒரு வேடிக்கைப் புத்தகமாகவும் அது வெளிவந்தது. இங்கிலீஷ்காரரின் பரிகாசத்தை நாம் கற்கத் தொடங்குமுன்பே தமிழில் பிறந்த பரிகாசத்தை அவர்கள் வாங்கிப் படித்தார்கள் என்பதை நினைக்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

பின்னாளில் கல்லூரிப் பாடங்களாக நம்மை வந்தடைந்த கதைகளிலும் இதே முறை தொடர்கிறது. பர்மாவின் அக்யாபில் பிறந்த சாகியின் திறந்த ஜன்னல் கதையில் ஒரு சிறுமியின் பொய்யை ஆசிரியர் கடைசிவரை பொய்யென்று சொல்வதில்லை. 1914இல் வெளியான ஜேம்ஸ் ஜாய்ஸின் டப்ளின் கதைகளில், மறைந்த தலைவர் பார்னெலின் நினைவுநாளன்று தேர்தல் தரகர்கள் கணப்பருகே புட்டிகளை வைத்துச் சூட்டினால் தக்கையைத் தெறிக்கவிடுகிறார்கள். அந்த ஓசையே அத்தலைவருக்குக் கிடைக்கும் மரியாதை வேட்டாகிறது. ஆசிரியர் வாய் திறப்பதில்லை.

ஆனால் கோடைக்கானலைத் தாங்கும் இப்பழனி மலையிலே இக்கலை முனிவரோடு தொடங்கவுமில்லை. பொதினி என்று பழையோர் வழங்கிய பழனிப் பக்கத்தை ஆண்ட ஆவியர் குலத்து வையாவிக் கோப்பெரும் பேகன், குளிரில் நடுங்குவதாக எண்ணி ஒரு மயிலுக்குப் போர்வை அளித்தவன். வற்றிய குளத்திலும், வயலிலும், களர் நிலத்திலும் வேறுபாடின்றிப் பெய்யும் மழையைப் போன்றவன் என்று பரணர் அவனைப் புகழ்ந்தார். களர் நிலத்தில் பெய்யும் மழையால் விளைவதென்ன என்று கேட்டுப் பார்த்தால் அந்தப் புகழ்ச்சிக்குள் ஏதோ நெருடுகிறது. அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியின் ஊருக்கு என்றும் தேரேறிச் சென்றான். அப்போது பரணர் மீண்டும் வந்து, மயிலுக்கு இரங்கியவனே என்று விளித்து, நாங்கள் பசியால் வரவில்லை, நாங்கள் சுமக்கவேண்டிய சுற்றமும் எங்களுக்கு இல்லை, இன்றிரவு தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே யாம் இரக்கும் பரிசில் என்றார். வசைச்சொல் ஒன்றும் அப்பாட்டில் இல்லை. அவனுடைய கீர்த்தியையே எடுத்து அவன் முன்னே வைத்தார், அவ்வளவே. கபிலர் பாடினார், அரிசில் கிழார் பாடினார், பெருங்குன்றூர் கிழார் பாடினார். பொன்னும் அணிகலனும் வேண்டா, எண்ணெயின்றிக் கிடக்கும் அவள் கூந்தல் கழுவிப் பூச்சூடும்படி குதிரைகளைத் தேரில் பூட்டு என்பதே கிழார் இருவரும் கேட்ட பரிசில். பேகன் அன்றிரவு தேரைப் பூட்டினானா என்று புறநானூறு சொல்லவில்லை.