ஆல்ஃபிரிஸ்டன் பாதிரியார் இல்லம்

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில், கக்மியர் ஆற்றங்கரையில் உள்ள ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்துத் தேவாலயத்தை ஒட்டி நிற்கும் கூரை வீடு. வயது ஏறத்தாழ 600. பழம்பெரும் இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் விலைக்கு வாங்கிய முதல் கட்டடம் இதுவே.

தென்கிழக்கு இங்கிலாந்தில் வசதியுள்ள குடியானவர்கள் விரும்பிக் கட்டிய ‘வீல்டன்’ வகை வீடு இது. நடுவில் தரையிலிருந்து முகடு வரை திறந்த கூடம். அதன் இரு பக்கமும் மாடி அறைகள். மாடிகள் கீழ்ச்சுவரைத் தாண்டி முன்னால் நீண்டிருக்க, கூடத்தின் முகப்பு மட்டும் உள்ளடங்கி நிற்கும். எல்லாவற்றையும் ஒரே கூரை மூடுவதால், கூடத்துக்கு முன்னே அந்தரத்தில் நிற்கும் இறவாரத்தை வளைந்த மரக்கைகள் தாங்குகின்றன. இவ்வகை வீட்டைத் தெருவிலிருந்தே அடையாளம் காண அந்த வளைவுகள் போதும்.

பாரத்தைச் சுமப்பது ஓக் மரச் சட்டகம். ஈரம் காயாத மரத்தையே அறுத்துச் செதுக்கி, துளையில் கழுந்தைச் செருகி, மர ஆணி அடித்துப் பூட்டுவது அக்காலத் தச்சர் வழக்கம். காயக் காய மரம் முறுகி மூட்டு இன்னும் இறுகும். சட்டங்களுக்கு இடையே வரிச்சு பின்னி, வைக்கோலும் சாணமும் பிசைந்த களிமண்ணை அப்பினார்கள். அந்த மண்சுவருக்கு மழையே பகை. அதனால்தான் கூரை அவ்வளவு செங்குத்தாகச் சரிந்து, சுவரை விட்டு வெகுதூரம் தள்ளி நீரைச் சொட்டுகிறது.

புகைபோக்கி பரவலாவதற்கு முன் இத்தகைய கூடங்களின் நடுவில் தரையிலேயே தீ எரிந்தது. புகை மேலேறிக் கூரை வழியே கசிந்தது. ஆல்ஃபிரிஸ்டனில் தரைதான் தனிச்சிறப்பு: உள்ளூர்ச் சுண்ணக்கல்லை இடித்துக் கெட்டித்து, தூள் எழும்பாதிருக்கப் புளித்த பாலை ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வீடு சிதைந்து, இடிக்கப்படும் நிலைக்கு வந்தது. ஊர்ப் பாதிரியார் எஃப். டபிள்யூ. பெய்னன், வில்லியம் மோரிஸ் 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நாடினார். அதன் வழியாக, 1895-இல்தான் தோன்றியிருந்த டிரஸ்ட்டின் பார்வைக்கு வீடு வந்தது. 1896-இல் விலை 10 பவுன். பழுதுபார்க்கும் செலவு அதைப் போலப் பல மடங்கு என்பதால், நிறுவனர்களில் ஒருவரான ஆக்டேவியா ஹில் நன்கொடை திரட்டினார்.

கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பவல் பணியை ஏற்றார். பழையதைப் புதிதாக்காமல், தேவையான இடத்தில் மட்டும் கைவைத்துச் செப்பனிடுவதே மோரிஸ் சங்கத்தின் கொள்கை. அரண்மனையோ கோட்டையோ அல்லாத ஒரு குடியானவர் வீட்டுக்கு அந்தப் பொறுமையைக் காட்டியது அன்றைக்குப் பெரிய துணிச்சல். கூடத்து மரத்தில் செதுக்கிய ஓக் இலையே டிரஸ்ட்டின் சின்னத்துக்குத் தூண்டுதல் என்ற நம்பிக்கையும் நிலவுகிறது.