மூன்று அலமாரிகளும் ஒரு மலையும்

உடப்புசல்லாவை என்ற பெயரைத் தேயிலை வியாபார உலகம் நன்கறியும். இலங்கைத் தேயிலையை அது விளையும் பிரதேசத்தைக் கொண்டு ஏழாக வகுக்கும்போது நுவரெலியா, திம்புள்ள, ஊவா, கண்டி, சப்ரகமுவ, ருகுணு என்பவற்றோடு உடப்புசல்லாவையும் தனிப் பெயராக நிற்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை சென்று, 1948இல் மூடப்பட்ட சிறிய ரயில் பாதைக்கும் இப்பெயரே வழங்கிற்று. தேயிலையின் மணத்தைப் பற்றியும் அந்த ரயிலைப் பற்றியும் எழுதியவர்கள் உளர். இங்கு வாழ்ந்த மனிதர்களைப் பற்றி அறிய விரும்புபவர்தாம் மூன்று அலமாரிகளுக்கு நடக்க வேண்டியிருக்கிறது. கண்டிச் சிங்களவர் வரலாறு ஒன்றில், தோட்டத் தமிழர் வரலாறு மற்றொன்றில், முஸ்லிம்களின் வரலாறு இன்னொன்றில்.

கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் இம்மூன்றிலும் நல்ல நூல்கள் பல சேர்ந்துள்ளன. அவற்றைச் சேர்த்து வைத்துப் படிக்கும்போது எவர் பதிவாகியிருக்கிறார், எவர் விடுபட்டுப்போனார் என்பது தெரிய வருகிறது. இக்கட்டுரையின் நோக்கம் அதைச் சொல்வதே.

முதல் அலமாரியிலிருந்து ஒரு பழைய நூல். நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராயிருந்த சி.ஜே.ஆர். லெ மெசூரியர் இம்மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கைந்நூல் 1893இல் வெளிவந்தது. ஆட்சியாளரின் தேவைக்காக எழுதப்பட்ட நூல் அது. ஆயினும் இந்த அதிகாரி வேறொரு காரியத்துக்காக நினைக்கப்பட வேண்டியவர். நெல்வரி கட்ட இயலாத வலப்பனை விவசாயிகளின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டதையும், நிலமிழந்தோர் பசியால் மடிந்ததையும் அவர் அரசாங்கத்துக்கு எழுதினார். அது பெரும் சர்ச்சையாகி இங்கிலாந்து வரை எட்டியது. நெல்வரி 1892இல் ஒழிக்கப்பட்டது.

இதே லெ மெசூரியர் பின்னர் இஸ்லாத்தைத் தழுவி அப்துல் ஹமீத் என்ற பெயர் பூண்டார் என்பது நம்மவர் பலருக்குப் புதிய செய்தியாயிருக்கும். அவருடைய விவாகரத்து வழக்கில் பிரித்தானியப் பிரிவி கவுன்சில் 1895இல் வழங்கிய தீர்ப்பு சட்ட நூல்களில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. அவரது மதமாற்றம் இந்தத் திருமணச் சிக்கலோடு பிணைந்தது. ஆகவே அதை நாம் பெருமைக் கதையாக்க வேண்டியதில்லை. வலப்பனையின் பசியை ஏட்டில் ஏற்றியவர் என்ற ஒன்றே அவரை நினைக்கப் போதுமானது.

இரண்டாவது அலமாரி தோட்ட மக்களுடையது. சி.வி. வேலுப்பிள்ளை 1970இல் ஆங்கிலத்தில் தந்த 'உழைக்கப் பிறந்தவர்கள்' அவர்களின் வாழ்வை உள்ளிருந்து காட்டியது. டொனவன் மொல்ட்ரிச் 1989இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், கோப்பிக் காலத்துத் தொழிலாளர் வடக்குக் கரையிலிருந்து மலைக்கு நடந்து வந்த பாதையையும் அப்பாதையில் மாண்டோரையும் பேசுகிறது. தோட்டத்தில் உத்தியோகம் பார்த்த சாரல் நாடன் 1988இல் எழுதிய 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' தொழிற்சங்க முன்னோடியொருவரை நமக்கு மீட்டுத் தந்தது. 2014இல் மு. நித்தியானந்தனின் 'கூலித் தமிழ்' வெளிவந்தது. 1869இல் அச்சான 'கோப்பிக் கிருஷிக் கும்மி' போன்ற பழைய அச்சுப் பிரதிகளைத் தேடியெடுத்து, துரைமாரின் பார்வை தமிழில் எப்படிப் பாட்டாயிற்று என்று அது ஆராய்கிறது. 2019இல் மைத்ரி ஜெகதீசன் தேயிலைத் தோட்டப் பெண்களைப் பற்றிய ஆய்வை ஆங்கிலத்தில் நூலாக்கினார். 2023இல் மலையகத்துக்கு இருநூறு ஆண்டுகள் என்று நினைவுகூரப்பட்டபோது, இவ்வரலாற்றின் மீது நாடு முழுவதும் கவனம் திரும்பியது.

மூன்றாவது அலமாரி நம்முடையது. மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸின் 'இலங்கையில் இஸ்லாம்' 1963இல் வெளிவந்தது. பேராசிரியை லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட ஆங்கில நூல், கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்கள் அரச வைத்தியராயும், பொதிமாட்டுத் தவளங்களை நடத்திய வணிகராயும் வாழ்ந்ததை விரிவாகக் கூறுகிறது. கண்டியில் வழக்கறிஞராயிருந்து 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய மர்ஹூம் சித்திலெப்பையைப் பற்றியும் நாம் நிறையவே எழுதியிருக்கிறோம்.

லோனா தேவராஜாவின் நூல் கி.பி. 900இல் தொடங்கி 1915இல் முடிகிறது. அந்த ஆண்டைத் தெரிவு செய்தது பொருத்தமே. கம்பளையில் பெரஹராவின் வாத்திய இசை பள்ளிவாசலைக் கடந்து செல்வது பற்றி எழுந்த தகராறு வழக்காகி, 1915 மே மாத இறுதியில் கண்டியில் கலவரமாக வெடித்தது. கம்பளைப் பள்ளிவாசல் கரையோரச் சோனகருடையது. தமிழகத்துக் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்து, மலைநாட்டுப் பட்டணங்களில் கடை வைத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கதை தொடர வேண்டிய இடத்தில் அந்த நூலின் காலவெல்லை முடிந்துவிடுகிறது.

மறுபுறம், மலையக வரலாற்று நூல்களில் தொழிலாளி நடுவில் நிற்கிறான், அது நியாயமே. கடைக்காரர் வரும்போதெல்லாம் கடன் கொடுத்து வட்டி வாங்குபவராகவே பெரும்பாலும் வருகிறார். அதிலும் உண்மை உண்டு. ஆனால் அதே கடையில் சாமான் கட்டிய பையன், துணி மூட்டை சுமந்து லயம் லயமாக நடந்த புடவை வியாபாரி, லயத்திலேயே குடியிருந்து கொழுந்தெடுத்த முஸ்லிம் பெண் ஆகியோருக்கு அந்நூல்களில் இடம் அரிது. நம்முடைய நூல்களோ வணிகரையும் கல்விமானையும் கொண்டாடும் வேகத்தில் இவர்களைத் தாண்டிப் போய்விடுகின்றன.

அரசாங்கத்தின் ஏடுகள் இவர்களை அறிந்திருந்தன. 1911ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்தது போலவே சோனகரையும் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று பிரித்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் என்பதாகும். விவாகமானவருக்கு ஏழு ஆண்டும் ஆகாதவருக்குப் பத்து ஆண்டும் தொடர்ந்த வதிவு வேண்டுமென்று அது கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டும், சுமார் 134,000 பேரே அதன் கீழ் குடியுரிமை பெற்றனர். கையில் துண்டுக் கடுதாசி இல்லாதவன் இந்நாட்டில் வாழவே இல்லை என்பது போலாயிற்று. கோயிலுக்குப் போனவனுக்கும் பள்ளிவாசலுக்குப் போனவனுக்கும் அந்தச் சட்டம் ஒன்றுதான்.

இன்றைய குடிசன மதிப்பீட்டு அட்டவணையில் இந்தியத் தமிழர் என்ற வரி இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் அட்டவணையில் இந்தியச் சோனகர் என்ற வரி இல்லை. சிலர் இந்தியா போயினர்; இருந்தவர்கள் இலங்கைச் சோனகராயினர். நாட்டோடு ஒன்றாகிவிட்டோம் என்று மகிழலாம். அந்த வரியோடு அவர்களின் கதையும் அழிய வேண்டுமா என்பதே கேள்வி.

இங்கு இன்னுமொரு அஸீஸைக் குறிப்பிட வேண்டும். அஸீஸ் என்றவுடன் நமது இலக்கிய வட்டத்தில் ஸாஹிராக் கல்லூரி அதிபராயிருந்த ஏ.எம்.ஏ. அஸீஸே நினைவுக்கு வருவார். அவர் நினைவு போற்றப்பட வேண்டியதே. ஆனால் 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியபோது அதன் இணைச் செயலாளர்களுள் ஒருவராயிருந்து, பின்னர் அதன் தலைவருமாகி, 1956இல் சௌமியமூர்த்தி தொண்டமானிடமிருந்து பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை நடத்திய அப்துல் அஸீஸும் ஒரு முஸ்லிமே. 1970இல் அவர் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் அவரைத் தலைவரென ஏற்றபோது அவருடைய மதத்தைக் கேட்கவில்லை. நமது முஸ்லிம் பெரியார் வரிசைகளில் அவருக்குரிய இடத்தை நாம் கொடுத்தோமா? அவரை மலையக அலமாரியில் விட்டுவிட்டு, நம் அலமாரியில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆசிரிய கலாசாலையில் எமக்குச் சொல்லித் தந்த முதற் பாடங்களுள் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் பிள்ளையைக் கூட்டிச் செல் என்பது. வரலாற்றுப் பாடத்தில் நாம் இதற்கு எதிர்த்திசையில் நடக்கிறோம். அனுராதபுரத்துக் குளங்களை ஒப்புவிக்கும் பிள்ளைக்குத் தன் ஊர்ச் சந்தியில் முதற்கடை வைத்தவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது தெரியாது. சொல்ல நூல் இல்லை.

அந்த நூலுக்கு வேண்டிய ஆதாரங்கள் இலண்டனில் இல்லை, இங்கேயே கிடக்கின்றன. பள்ளிவாசலின் வரவுசெலவுக் கொப்பிகள், நிக்காஹ் பதிவுகள், பாடசாலையின் சம்பவத் திரட்டு, தோட்டக் காரியாலயத்தின் செக்ரோல், கடைகளின் கடன் கொப்பி யாவும் சான்றுகளே. ஒரு கடன் கொப்பியில் சம்பள நாளிலிருந்து சம்பள நாள் வரை ஒரு குடும்பம் என்ன தின்றது, எந்த மாதம் துணி வாங்கியது, எந்த மாதம் ஒன்றும் வாங்கவில்லை என்பதெல்லாம் இருக்கும். முனியாண்டியின் கணக்கும் மீராசாவின் கணக்கும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும். அந்தக் கொப்பிக்கு மூன்று அலமாரிகள் தெரியாது.

ஆனால் காலம் அதிகமில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறியபோதும் காரியாலயங்கள் கை மாறின. பழைய கடைகள் இடிக்கப்படும்போது முதலில் அடுப்புக்குப் போவது கணக்குக் கொப்பிதான். அதைப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய மூத்தவர்களும் ஒவ்வொருவராக மையவாடிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாக சபையும் தன் பழைய கொப்பிகளை ஓர் இரும்புப் பெட்டியில் பூட்டிவைத்து, பட்டியலொன்றை எழுதி வைத்தாலே போதும். பாதி வேலை முடிந்தது. மீதியை ஊர்ப் பாடசாலையின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். வாப்பும்மாவிடமும் பக்கத்து லயத்து ஆச்சியிடமும் கேட்டு எழுத அவர்களுக்குத் தெரியும்.