நேர்காணல் அறையில் அன்னா ராஜம்

திட்டக்குடியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, பெரிய பதவி ஒன்றின் நேர்காணலுக்குத் தயாராகிறாள். நோட்டைக் கொடுத்து என்னைக் கேள்வி கேட்கச் சொல்கிறாள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் 'ஒரால்' என்னும் வாய்மொழித் தேர்வு வந்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நான் வாத்தியாரா! அதனால் அவளுக்கு அன்னா ராஜம் ஜார்ஜ் கதையைச் சொன்னேன்.

கேரளத்தில் பிறந்து சென்னையில் படித்தவர், 1951-ல் ஐ.ஏ.எஸ். ஆனவர். நேர்காணலில் எதிரே யு.பி.எஸ்.சி. தலைவர் ஆர்.என். பானர்ஜியும் நான்கு ஐ.சி.எஸ். அதிகாரிகளும். வெளியுறவுப் பணியோ மத்தியப் பணிகளோதான் பெண்களுக்கு ஏற்றவை என்றார்கள். அவர் அசையவில்லை. சென்னை மாகாணத்தைக் கேட்டு வாங்கினார். நியமன உத்தரவில், திருமணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்று ஒரு வரி. எத்தனையோ உத்தரவுகளை டைப் அடித்த குமாஸ்தா நான்; அந்த வரியை அடித்த விரல்களை நினைத்துக்கொள்வேன்.

முதலமைச்சர் ராஜாஜிக்கும் தயக்கம்தான். செயலகத்தில் இருக்கலாமே என்றார். குதிரையேற்றம், துப்பாக்கி சுடுதல் எல்லாம் பயின்றவர், விடாமல் வாதாடி ஓசூருக்கு சப் கலெக்டராகப் போனார்.

கேட்டுக்கொண்டிருந்தவள் நோட்டை மூடினாள். "தாத்தா, கல்யாணம் எப்பன்னு கேட்டா என்ன சொல்றது?"

இரண்டு நாளாக அதைத்தான் ஒத்திகை பார்க்கிறோம்.