புரோலியோவின் திராட்சைத் தோட்டங்கள்: உரிமையும் உழைப்பும்

இத்தாலியின் தொஸ்கானாப் பகுதியில், புளோரன்ஸ் நகருக்கும் சியனா நகருக்கும் இடையே கியாந்திக் குன்றுகள் அமைந்துள்ளன. அவற்றின் தென்கோடியில் சியனாவை நோக்கி நிற்பது புரோலியோக் கோட்டை. 1141ஆம் ஆண்டு முதல் இக்கோட்டையும் அதனைச் சூழ்ந்த நிலங்களும் ரிக்காசோலி குடும்பத்தினருடன் தொடர்புடையன. போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் கடந்து ஒரு குடும்பம் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே மண்ணில் நிலைத்தமைக்குக் குலப்பெருமை மட்டுமே காரணமாகுமா என்பது ஆராயத்தக்கது.

இக்குடும்பத்தில் தோன்றியோருள் தலையாயவர் பெற்றினோ ரிக்காசோலி (1809–1880). காவூரின் மறைவையடுத்து 1861இல் ஐக்கிய இத்தாலியின் இரண்டாவது பிரதமரான இவர், தமது கண்டிப்பினால் 'இரும்புப் பிரபு' எனப்பட்டார். பல்லாண்டுப் பரிசோதனைகளின் பின்னர், 1872இல் பீசாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சேசரே ஸ்துதியாத்திக்கு எழுதிய கடிதத்தில் கியாந்தி மதுவின் கலவையை அவர் விளக்கினார். சஞ்சோவேசே என்னும் திராட்சை மணத்தையும் வலிமையையும் தரும். கனாயோலோ அதன் கடுமையைத் தணிக்கும். மல்வாசியா என்னும் வெண்திராட்சையோ அன்றாடம் அருந்தும் இளமதுவுக்கே ஏற்றது, நெடுங்காலம் பேணப்படும் மதுவுக்கு ஏற்றதன்று என்பது அவர் முடிபு.

இம்மதுவின் புகழ் பேசப்படுமிடத்து இக்கடிதம் தவறாது நினைவுகூரப்படும். ஆனால் அத்திராட்சையை விளைவித்தோர் யாவர்? தொஸ்கானாவில் பல நூற்றாண்டுகளாக நிலவியது 'மெற்சாத்ரியா' எனப்படும் அரைவார முறையாகும். நிலமும் வீடும் பிரபுவுடையவை. உழைப்பு குடியானவக் குடும்பத்தினுடையது. விளைவு இருவருக்கும் சரிபாதி. கோதுமை, ஒலிவ், திராட்சை ஆகியன ஒரே நிலத்திற் கலந்து பயிரிடப்பட்டன. விளைச்சல் பொய்த்த காலங்களிற் குடியானவன் பிரபுவிடமே கடன்பட்டான்; அக்கடன் அவனை மண்ணோடு பிணித்தது. அரசியலில் ஐக்கியத்துக்காக உழைத்த பெற்றினோ, தமது நிலத்தில் இம்முறையை அகற்ற முனைந்தாரல்லர். அதனை ஒழுங்குபடுத்தவே முனைந்தார்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இவ்வமைப்புத் தளர்ந்தது. உழவர் கிளர்ச்சிகளின் விளைவாகக் குடியானவரின் பங்கு 1947இல் 53 வீதமாக உயர்ந்தது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 58 வீதமாக்கியதோடு, புதிய அரைவார ஒப்பந்தங்களையும் தடைசெய்தது. இளைஞர் தொழிற்சாலைகளை நாடி நகரங்களுக்குச் சென்றனர். கலப்புப் பயிர் நிலங்கள், கூலியாட்களையும் இயந்திரங்களையும் சார்ந்த தனித் திராட்சைத் தோட்டங்களாக மாறின. அம்மாற்றத்துக்குப் பெருமுதல் வேண்டியிருந்தது. இத்தகைய சூழலிலேயே, 1971இல் ரிக்காசோலி மது நிறுவனம் சீகிராம் என்னும் வட அமெரிக்க நிறுவனத்தின் கைக்கு மாறியது.

1993இல் பிரான்செஸ்கோ ரிக்காசோலி நிறுவனத்தை மீட்டுத் தோட்டங்களைப் புதுப்பிக்கத் தொடங்கினார். ஆயினும் மீண்டது பழைய புரோலியோ அன்று. கூலியுழைப்பையும் உலகச் சந்தையையும் ஆதாரமாகக் கொண்ட புதியதொரு நிறுவனமே. குடும்பத்தின் உரிமையைத் தாங்கி நின்ற தூண்களுள் அரைவாரக் குடியானவரின் உழைப்பு முதன்மையானது என்பதனை இவ்வரலாறு உணர்த்துகின்றது. புரோலியோவின் வரலாற்றைக் குலவரிசை கொண்டு மட்டும் எழுதுதல் இயலாது. அக்குன்றுகளை உழுது, பின்னர் அவற்றை விட்டகன்ற குடியானவரின் வரலாறும் அதனோடு சேர்த்தே எழுதப்படல் வேண்டும்.