மூழ்கிய கப்பலின் விலை

பழைய இங்கிலாந்தில் ஆற்றிலே சென்ற படகிலிருந்து ஒருவன் தவறி விழுந்து மாண்டால், குற்றவாளி யார் என்று மக்கள் நெடுநேரம் மயங்கியதில்லை. படகே குற்றவாளி. இறப்பை விசாரித்த நடுவர்கள் அப்படகுக்கு ஒரு விலை மதிப்பர். படகோ அதன் விலையோ அரசனைச் சேரும். இதற்கு ‘டியோடண்டு’ என்று பெயர். கடவுளுக்குக் கொடுக்கற்பாலது என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். வாங்கிய பொருளை அரசன் அறச்செயல்களுக்குச் செலவிடவேண்டும் என்பது கொள்கை. நடைமுறை வேறாகவும் இருந்தது. இன்னொரு விந்தையும் உண்டு. இவ்விதி ஆறு, ஏரி முதலிய நன்னீருக்கு மட்டுமே உரியது. கடலில் நேர்ந்த சாவுக்கு இல்லை. கடலில் காற்றும் அலையும் செய்யும் கொடுமைக்குக் கப்பலை நோவது முறையன்று என்று அக்காலத்தார் கருதினர் போலும்!

அரசனுக்குப் படகு கிடைத்தது. இறந்தவனுடைய மனைவி மக்களுக்கு என்ன கிடைத்தது? சட்டப்படி ஒன்றும் இல்லை. 1808-இல் எல்லன்பரோ பிரபு என்னும் நீதிபதி ஒரு கோச்சுவண்டி விபத்து வழக்கில், மனிதனுடைய சாவை ஒரு நட்டமாகக் கொண்டு உரிமையியல் நீதிமன்றத்தில் முறையிட இயலாது என்று தீர்ப்பளித்தார். இதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். கால் ஒடிந்தவன் வழக்காடலாம். உயிரே போனவனுடைய மனைவி வழக்காட இயலாது. பயணியை முடமாக்குவதைவிடக் கொன்றுவிடுவது வண்டிக்காரனுக்கும் படகுக்காரனுக்கும் மலிவு என்றாயிற்று. இருப்புப்பாதை வந்து விபத்துகள் பெருகிய பின்னரே இந்நிலை மாறியது. 1846-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் டியோடண்டு முறையை ஒழித்தது. அவ்வாண்டிலேயே, கேம்பல் பிரபுவின் முயற்சியால், இறந்தவனுடைய குடும்பத்தார் நட்டஈடு கேட்கும் உரிமையைச் சட்டமாக்கியது. அச்சட்டத்தைப் பின்பற்றி நம் நாட்டில் 1855-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம் பிறந்தது.

இவ்வாறு நிலத்தில் மனிதனுக்கு ஒரு வழி திறந்தது. நீரிலோ, அவ்வழியின் நடுவே மற்றொரு சுவர் ஏற்கெனவே எழும்பி நின்றது. அச்சுவரைப் பற்றியே இன்று சொல்ல வந்தேன்.

பாய்மரக்கப்பல் காலத்தில் ஒரு வணிகன் தன் கப்பலை அனுப்பினால், அது திரும்பும்வரை பல திங்கள் அதைப் பற்றிய செய்தியே அவனுக்கு எட்டாது. தலைமை மாலுமி அயல்நாட்டில் எதைச் செய்தாலும் அதற்கு அவ்வணிகன் தன் வீடு நிலம் உட்பட எல்லாவற்றையும் ஈடுகொடுக்க வேண்டுமென்றால், கப்பல் விட யார் முன்வருவார்? ஆதலின், உரிமையாளனுடைய பொறுப்பு கப்பலின் விலைக்கு மேற்போகாது என்று ஆலந்து நாட்டார் வகுத்தனர். 1625-இல் தம் பெருநூலை வெளியிட்ட குரோஷியஸ் இவ்விதியை எடுத்துக்காட்டி ஆதரித்தார். இங்கிலாந்து 1734-இல் இக்கொள்கையைச் சட்டத்தில் புகுத்தியது. உரிமையாளனுக்குத் தெரியாமலும் அவன் உடந்தையின்றியும் நேர்ந்த தவற்றுக்கே இப்பாதுகாப்பு. தெரிந்து செய்தவனுக்கு இல்லை. கொள்கையளவில் இது நியாயமானதே என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் இது நுழைந்த வரலாறு படிக்கத்தக்கது. 1840 ஜனவரி 13 இரவு, நியூயார்க்கிலிருந்து ஸ்டோனிங்டனுக்குச் சென்ற ‘லெக்சிங்டன்’ என்னும் நீராவிக்கப்பல் நடுவழியில் தீப்பற்றியது. மேல்தளத்தில் பஞ்சுப் பொதிகள் அடுக்கியிருந்தமையால் தீ விரைந்து பரவியது. ஏறத்தாழ 140 பேரில் நால்வரே உயிர் தப்பினர். கப்பலோடு மூழ்கியவற்றுள் ஒரு வங்கியின் 18,000 டாலர் பெறுமான பொன் வெள்ளி நாணயங்களும் இருந்தன. வங்கி வழக்குத் தொடுத்தது. கம்பெனி முழுத் தொகையையும் தரவேண்டும் என்று 1848-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. கப்பல் முதலாளிகள் நடுங்கினர். 1851-இல் காங்கிரசு பொறுப்புவரம்புச் சட்டத்தை இயற்றியது. நீரில் மாண்ட பயணிகள் அன்று. நீரில் போன நாணயப் பெட்டியே அச்சட்டத்திற்குத் தூண்டுகோல். ஆனால் அதன் கட்டு மனிதர்மீதும் விழுந்தது.

கப்பலின் விலை என்றால் எப்போதைய விலை? ஆங்கிலேயர் விபத்துக்கு முந்திய விலையைக் கொண்டனர். 1862 முதல் அதையும் விடுத்து, உயிர்ச்சேதமும் உடற்காயமும் நேர்ந்தால் கப்பலின் டன் ஒன்றுக்கு 15 பவுன் என்று வரையறுத்தனர். அமெரிக்கர் பயணம் முடிந்த பின்னுள்ள விலையைக் கொண்டனர். கப்பல் மூழ்கிவிட்டால்? எஞ்சிய மரமும் இரும்பும் என்ன பெறுமோ அதுவே விலை. விபத்து எவ்வளவு கொடியதோ அவ்வளவு குறையும் நட்டஈடு! உரிமையாளர் கப்பலுக்கு இன்ஷியூரன்ஸ் செய்து முழுப்பணமும் பெற்றிருந்தால், அதையேனும் அடிபட்டோர் கேட்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. கேட்கலாகாது என்று 1886-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

இதன் முழு உருவத்தை உலகம் கண்டது ‘டைட்டானிக்’ வழக்கில். 1912 ஏப்ரலில் பனிமலையில் மோதி அக்கப்பல் மூழ்கி, 1,500 பேர்வரை மாண்டதை நீங்கள் அறிவீர்கள். நீதிமன்றக் கதையை அறிந்தவர் சிலரே. கப்பல் ஆங்கிலேயருடையது, ஆயினும் கம்பெனி தன் பொறுப்புக்கு வரம்பு கேட்டு நியூயார்க் நீதிமன்றத்தை நாடியது. காரணம் வெளிப்படை. ஆங்கிலச் சட்டத்தின் டன் கணக்குப்படி வரம்பு பன்மடங்கு உயர்ந்திருக்கும். அமெரிக்கச் சட்டப்படி கணக்கில் வந்தவை, ‘கார்ப்பேத்தியா’ கப்பல் நியூயார்க்குக்குக் கொண்டுவந்து சேர்த்த உயிர்காப்புப் படகுகளும், வசூலான கட்டணமுமே. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 92,000 டாலர். கைம்பெண்களும் காயமுற்றோரும் உடைமை இழந்தோரும் கேட்ட தொகையோ சுமார் 1 கோடியே 60 லட்சம் டாலர்.

அயல்நாட்டுக் கப்பலுக்கு நடுக்கடலில் நேர்ந்த விபத்தாயினும், அமெரிக்க நீதிமன்றத்தை நாடியோர்க்கு அமெரிக்க வரம்பே உரியது என்று 1914 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஹோம்ஸ். இனி முறையிட்டோர்க்கு எஞ்சியிருந்த வாயில் ஒன்றே: உரிமையாளர் அறிந்திருந்தார் என்று காட்டுவது. கம்பெனியின் தலைவர் இஸ்மே அதே கப்பலில் பயணம் செய்தவர். பனிமலை உண்டென்று ‘பால்டிக்’ கப்பல் அனுப்பிய எச்சரிக்கைத் தந்தியைத் தலைமை மாலுமி அவர் கையிலேயே கொடுத்திருந்தார். அவர் அறிந்தது கம்பெனி அறிந்ததாகும் அன்றோ? வழக்குரைஞர்கள் இங்கேதான் பிடித்தனர். முடிவில் வழக்கு சமரசமாயிற்று. 1916-இல் ஏறத்தாழ 6,64,000 டாலர் அனைவர்க்குமாகப் பகிரப்பட்டது. 92,000-ஐ நோக்க இது பெரிது. கேட்டதில் இருபத்திலொரு பங்குகூட இல்லை.

1934-இல் ‘மாரோ காசில்’ எரிந்து 130-க்கும் மேற்பட்டோர் மாண்டபின், அமெரிக்கா கடற்கப்பல்களுக்கு மட்டும் உயிர்ச்சேதத்திற்கும் காயத்திற்கும் டன்னுக்கு 60 டாலர் என்று 1935-இல் ஒரு தனி நிதி வகுத்தது. 1984-இல் அது 420 டாலராயிற்று. உல்லாசப் படகுகளுக்கு இது பொருந்தாது. ஆகவே பழைய வரம்பு அவற்றின் உரிமையாளர் கைக்கு வந்து சேர்ந்தது. மிச்சிகன் ஏரித் துறையில் 1985-இல் ஓர் உல்லாசப் படகு தீப்பற்றி, பக்கத்துப் படகுகளும் துறையும் எரிந்தன. நட்டம் 2,75,000 டாலருக்கு மேல். எரிந்த படகின் மிச்சம் 800 டாலர் என்றும், தம் பொறுப்பு அவ்வளவே என்றும் உரிமையாளர் மனுச்செய்தார். அம்மனுவைக் கடற்சட்ட நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று 1990-இல் உச்ச நீதிமன்றமும் ஒப்பியது. தொலைதூரக் கடலில் மாலுமியை நம்பிக் கப்பலை அனுப்பிய ஆலந்து வணிகன் எங்கே, துறையில் கட்டிய உல்லாசப் படகு எங்கே!

இச்சட்டத்தால் அடிபட்டவன் படும் தொல்லை தொகையோடு முடிவதில்லை. எழுத்துமூலம் கோரிக்கை வந்த ஆறு மாதத்திற்குள் உரிமையாளர் வரம்பு மனுவைத் தாக்கல் செய்யலாம். செய்தவுடன் வேறிடங்களில் நடக்கும் வழக்குகள் நின்றுவிடும். எல்லோரும் குறித்த நாளுக்குள் அந்த ஒரு மன்றத்திலேயே முறையிடவேண்டும். அங்கே ஜூரியும் இல்லை. கை கால் இழந்து மருத்துவமனையில் கிடப்பவன் தான் வழக்குத் தொடுக்குமுன்னரே தன்மீது வழக்கு வந்துவிட்டதென்று திகைக்க நேரும்.

2019 செப்டம்பர் 2, விடியற்கு முன், கலிபோர்னியாவின் சாந்தா குருஸ் தீவருகே ‘கன்செப்ஷன்’ என்னும் படகு தீப்பற்றியது. நீர்மூழ்கு விளையாட்டுக்குப் பயணிகளை ஏற்றிச்செல்லும் படகு அது. கீழ்த்தளத்தில் துயின்றிருந்த 34 பேர் மாண்டனர். இரவுக் காவலுக்கு ஒருவரும் சுற்றிவரவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அனைவரின் உடல்களும் கரைசேருமுன்னரே, மூன்றே நாட்களில், உரிமையாளர் 1851-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தை நாடினர். மூழ்கிய படகின் விலை சுழி என்பது அவர்கள் வாதம். நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. 2022 டிசம்பரில் காங்கிரசு, சிறிய பயணிப் படகுகளை வரம்புச் சட்டத்திலிருந்து விலக்கியது. வழக்குத் தொடுக்கும் காலத்தையும் நீட்டியது. அப்புதிய சட்டம் முன்னர் நடந்த விபத்துகளுக்குச் செல்லாது. அதற்காக வாஷிங்டனில் மன்றாடிய ‘கன்செப்ஷன்’ குடும்பத்தார் தம் வழக்கைப் பழைய சட்டத்தின்கீழேயே நடத்த வேண்டியிருந்தது.