மறுமுறை கேட்கப்படும் கேள்வி: கேமரன் மலை முதல் பிரெக்சிட் வரை

2019ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களில் ஒரே வினா எழுந்தது. மக்கள் ஒருமுறை வாக்களித்துத் தம் முடிவைக் கூறிய பின்னர், அதே பொருள் குறித்து அவர்களிடம் மீண்டும் கேட்கலாமா என்பதே அவ்வினா.

இலண்டனில் ஜனவரி 15ஆம் நாள், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதற்காகப் பிரதமர் தெரேசா மே செய்திருந்த உடன்படிக்கையை நாடாளுமன்ற மக்களவை 432க்கு 202 என்ற வாக்குகளில் நிராகரித்தது. அதனைத் தொடர்ந்து, இரண்டாவது பொது வாக்கெடுப்பு வேண்டும் என்ற குரல் அந்நாட்டில் ஓங்கி ஒலித்தது. பதினொரு நாள்கள் கழித்து, ஜனவரி 26ஆம் நாள், நம் நாட்டின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் மறுவாக்கு நடந்தே முடிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் காய்கறி விவசாயிகளும் ஓராங் அஸ்லி மக்களும் ஒன்பது மாதங்கள் நிறைவதற்குள் இரண்டாம் முறையாக வாக்குச்சாவடிக்குச் சென்றனர்.

ஒரு தொகுதியின் தேர்தலும் ஒரு நாட்டின் பொது வாக்கெடுப்பும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். எனினும் மலையில் எளிதில் நிகழ்ந்த ஒன்று இலண்டனில் ஏன் நிகழவில்லை என்று ஆராய்ந்தால், மறுமுறை கேட்டல் எப்போது இயலும், எப்போது இயலாது என்பது தெளிவாகும். இவ்வுரையின் நோக்கம் அதுவே.

கேட்கப்படாத தலைமுறை

1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதிக்கு வந்தமையால் அவர் பெயர் இதற்கு வழங்கலாயிற்று. 1929இல் ஜே.ஏ. ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காட்டை அழித்துச் சரிவுகளில் செடி நட்டவர்களுள்ளும் கொழுந்து பறித்தவர்களுள்ளும் தமிழர் பெருந்தொகையினர். அவர்தம் உழைப்பு கணக்கில் ஏறியது. கருத்து எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

1955இல் மலாயாவின் முதல் கூட்டரசுத் தேர்தல் நடந்தபோது, வாக்காளர்களுள் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். இந்தியர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோருட் பலர் குடியுரிமை பெற்றிருக்கவில்லை என்பதே இதன் காரணம். 1957ஆம் ஆண்டு அரசமைப்பு அவ்வாயிலை அகலப்படுத்திய பின்னரே வாக்குச்சீட்டு தோட்டத்து வீடுகளுக்கு மெல்ல வந்து சேர்ந்தது. ஆகவே, இரண்டாம் முறை கேட்பதைப் பற்றிப் பேசும்போது, முதல் முறையே கேட்கப்படாதவர்கள் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

மலையில் நடந்த மறுவாக்கு

கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதி 2004 பொதுத் தேர்தலில் முதன்முறையாகப் போட்டியைக் கண்டது. அன்று தொட்டு நான்கு பொதுத் தேர்தல்களிலும் தேசிய முன்னணியின் சார்பில் ம.இ.கா. வேட்பாளர்களே அங்கு வென்றனர். ஆயினும் வெற்றியின் இடைவெளி சுருங்கியது. 2013இல் 462 வாக்குகள். 2018 மே 9ஆம் நாள் 597 வாக்குகள். இவ்விரு தேர்தல்களிலும் தோல்வியுற்றவர் ஜனநாயகச் செயல் கட்சியின் எம். மனோகரன்.

2018 முடிவை எதிர்த்து அவர் தேர்தல் மனுத் தாக்கல் செய்தார். ஓராங் அஸ்லி வாக்காளர்களின் ஆதரவைப் பெறுவதற்காகப் பணம் வழங்கப்பட்டது எனக் கண்ட தேர்தல் நீதிமன்றம், நவம்பர் 30ஆம் நாள் அத்தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. வெற்றிடமாகும் தொகுதியை 60 நாள்களுக்குள் நிரப்ப வேண்டும் என்பது அரசமைப்பின் விதி. அதன்படி இடைத்தேர்தல் நடந்தது. மறுவாக்கு வேண்டுமா என்று நாடாளுமன்றம் விவாதிக்கவில்லை. கட்சிகளின் ஒப்புதலும் தேவைப்படவில்லை. சட்டம் முன்னரே ஒரு வாயிலை அமைத்து வைத்திருந்தது. அதன் வழியே மக்கள் சென்றனர்.

முடிவு என்னவாயிற்று? மனுத் தாக்கல் செய்தவரின் கட்சி அப்போது நடுவண் ஆட்சியில் பங்கு வகித்தது. எனினும் அவர் 8,800 வாக்குகளே பெற்றார். தேசிய முன்னணியின் வேட்பாளர் ராம்லி முகமது நோர் 12,038 வாக்குகள் பெற்று, 3,238 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். மறுமுறை கேட்குமாறு வேண்டியவரே முன்னினும் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேறுபாட்டில் தோற்றார்.

இதில் நம் சமூகத்திற்கு ஓர் இழப்பும் உண்டு. ம.இ.கா. விட்டுக்கொடுத்த அந்த இடம் அதன்பின் இந்தியச் சார்பாளர் கைக்குத் திரும்பவில்லை. ஆனால் ராம்லி முகமது நோர், மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி உறுப்பினர் ஆவார். தேயிலைச் செடி வருமுன்னரே அம்மலையில் வாழ்ந்தவர்கள், நம்மினும் நெடுங்காலம் கேட்கப்படாதிருந்தவர்கள், மறுவாக்கின் வழியே அவையில் இடம் பெற்றனர். இழப்பையும் நீதியையும் ஒருங்கே காண்பது வரலாறு கற்போரின் கடமை.

கேள்வியை வகுப்பவர் யார்?

சட்ட வாயில் இல்லாத இடத்தில் என்ன நிகழும் என்பதற்கும் நம் மண்டலத்திலேயே சான்று உண்டு. 1962 செப்டம்பர் 1ஆம் நாள், மலாயாவுடன் இணைவது குறித்துச் சிங்கப்பூரில் பொது வாக்கெடுப்பு நடந்தது. சீட்டில் மூன்று தெரிவுகள் இருந்தன. மூன்றுமே இணைப்பின் வெவ்வேறு வடிவங்கள். இணைப்பே வேண்டாம் என்று சொல்ல ஒரு கட்டமும் இல்லை. ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் அரசு விரும்பிய தெரிவை ஏற்றனர். எதிர்த்தரப்பின் வேண்டுகோளை ஏற்று, நான்கில் ஒரு பங்கினர் வெற்றுச் சீட்டை இட்டனர். சபா, சரவாக் மக்களிடம் வாக்கெடுப்பே நடத்தப்படவில்லை. கோபோல்ட் ஆணையம் கருத்தறிந்து அறிக்கை அளித்தது. தீபகற்பத்து மக்களிடமும் வாக்கெடுப்பு இல்லை.

1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் சிங்கப்பூர் பிரிந்தபோது, இணைவதற்கு வாக்களித்த அம்மக்களிடம் பிரிவதற்கான ஒப்புதல் கேட்கப்படவில்லை. தலைவர்கள் ஒப்பந்தம் செய்தனர். கோலாலம்பூர் நாடாளுமன்றம் 126 வாக்குகளால், எதிர்ப்பின்றி, அதனை ஒரே நாளில் நிறைவேற்றியது. பொது வாக்கெடுப்பைக் கூட்டும் அதிகாரம் மக்களிடம் இல்லை, ஆள்வோரிடமே உள்ளது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டாம் முறை கேட்ட நாடுகள்

ஐரோப்பாவில் இரண்டாம் வாக்கெடுப்பு புதிதன்று. மாஸ்டிரிக்ட் உடன்படிக்கையை டென்மார்க் மக்கள் 1992 ஜூனில் 50.7 விழுக்காட்டினால் மறுத்து, 1993 மே மாதம் 56.7 விழுக்காட்டினால் ஏற்றனர். அயர்லாந்து மக்கள் நீஸ் உடன்படிக்கையை 2001இல் மறுத்து 2002இல் ஏற்றனர். லிஸ்பன் உடன்படிக்கையை 2008இல் மறுத்து 2009இல் ஏற்றனர்.

இவற்றிடையே இரண்டு ஒற்றுமைகள் உண்டு. முதலாவது, மறுமுறை கேட்க ஆளும் அரசே விரும்பியது. இரண்டாவது, சில விலக்குகளும் உறுதிமொழிகளும் இடையில் பெறப்பட்டமையால், கேள்வி பழையதாகவே இருக்கவில்லை. மக்கள் பிழையாக விடை சொன்னார்கள் என்று எவரும் வெளிப்படையாகக் கூறவில்லை; கேள்வி மாறியுள்ளது என்றே கூறினர்.

பிரிட்டனில் வாயில் அடைபட்ட விதம்

2016 ஜூன் 23ஆம் நாள் வாக்கெடுப்பில், விலகலுக்கு 1,74,10,742 பேரும் நீடிப்பதற்கு 1,61,41,241 பேரும் வாக்களித்தனர், 51.9க்கு 48.1 விழுக்காடு. ஒரு வகையில் இதுவே இரண்டாவது வாக்கெடுப்பாகும். 1975இல் அன்றைய ஐரோப்பியச் சமூகத்தில் நீடிப்பதா என்று கேட்டபோது 67.2 விழுக்காட்டினர் ஆம் என்றனர். அவ்விடை 41 ஆண்டுகள் கழித்து மாறிற்று. ஒருமுறை கேட்டால் என்றென்றும் கேட்கலாகாது என்ற வாதத்தை அந்நாட்டு வரலாறே ஏற்கவில்லை.

எனினும் 2019இல் இரண்டாம் முறை கேட்க இயலாமற்போனமைக்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, கேமரன் மலையில் இருந்த சட்ட வாயில் அங்கில்லை. விலகலை வலியுறுத்திய முதன்மை இயக்கம் செலவு வரம்பை மீறியது எனக் கண்ட பிரிட்டன் தேர்தல் ஆணையம், 2018 ஜூலையில் அதற்கு 61,000 பவுன் தண்டம் விதித்தது. அதனைக் காட்டி முடிவைச் செல்லாததாக்கக் கோரியோரை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. தேர்தலின் முடிவு சட்டப்படி ஒருவரைப் பதவியில் அமர்த்துகிறது. ஆகவே நீதிமன்றம் அதனை நீக்கலாம். 2016 வாக்கெடுப்போ சட்டப்படி அறிவுரை மட்டுமே; விலகும் அதிகாரத்தை வழங்கியது பின்னர் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். கட்டுப்படுத்தாத முடிவை நீதிமன்றத்தால் ரத்துச் செய்வதும் அரிது. அரசியலில் அளவற்ற வலிமையும் சட்டத்தில் தீண்ட இயலாத் தன்மையும் அதற்கு ஒருங்கே அமைந்தன.

இரண்டாவது, கேட்கும் அதிகாரம் உடையோர் கேட்க விரும்பவில்லை. எத்தகைய உடன்படிக்கையையும் மக்களின் ஒப்புதலுக்கு விடுத்தல் வேண்டும் என்ற முன்மொழிவு 2019 ஏப்ரல் 1ஆம் நாள் மக்களவையில் 280க்கு 292 என்று பன்னிரண்டு வாக்குகளில் தோற்றது. வென்றிருப்பினும் அது அரசைக் கட்டுப்படுத்தியிராது.

மூன்றாவது, காலம் கடந்தது. 2019 டிசம்பர் 12 பொதுத் தேர்தலில் பழமைவாதக் கட்சி 43.6 விழுக்காடு வாக்குகள் பெற்று 365 இடங்களை வென்றது. மறுவாக்கை விரும்பியோர் பல கட்சிகளாகப் பிரிந்து நின்றனர். 2020 ஜனவரி 31ஆம் நாள் பிரிட்டன் விலகிற்று.

அந்நாளோடு, நீடிப்பதா விலகுவதா என்ற கேள்வி மறைந்தது. இனி எஞ்சியது மீண்டும் சேர்வதா என்ற புதிய கேள்வி. அதற்குப் பிரிட்டன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றினால் வாக்கெடுப்பு நடத்தலாம். சட்டத் தடை ஏதுமில்லை. ஆனால் மக்கள் ஆம் என்றாலும் அது போதாது; ஒன்றியத்தின் 27 நாடுகளும் ஒருமனதாக இசைதல் வேண்டும். 2024இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சியும் ஒன்றியத்துக்குத் திரும்புவதில்லை என்று அறிவித்தே வாக்குக் கேட்டது. ஆகவே அண்மைக் காலத்தில் அத்தகைய வாக்கெடுப்பு நடைமுறையில் இயலாது; ஒரு தலைமுறை கழித்து இயலாது என்று சொல்வதற்கு 1975உம் 2016உம் நமக்கு இடந்தரவில்லை.

முடிவுரை

மறுமுறை கேட்டல் நிகழ வேண்டுமாயின், சட்டம் ஒரு வாயிலை வைத்திருத்தல் வேண்டும். அல்லது அதிகாரம் உடையோர் அவ்வாயிலைத் திறக்க விரும்புதல் வேண்டும். மக்கள் மனம் மாறியது என்பது மட்டும் ஒருபோதும் போதியதாக இருந்ததில்லை. அன்றியும், மறுமுறை கேட்பவர் தாம் விரும்பும் விடையையே பெறுவார் என்ற உறுதியும் இல்லை. 597 என்பது 3,238 ஆனதைக் கேமரன் மலை நமக்குக் காட்டியது.

ஆசிரியர்கள் இப்பாடத்தை வகுப்பறையில் எடுத்துரைக்கும்போது ஒரு பயிற்சியை மேற்கொள்ளலாம். 1962 சிங்கப்பூர் வாக்குச்சீட்டின் மூன்று தெரிவுகளையும் கரும்பலகையில் எழுதி, விடுபட்ட தெரிவு எது என்று மாணவரிடம் கேட்கலாம். விடையைத் தேடுவதற்கு முன் கேள்வியை ஆராயும் பழக்கம் அங்கே தொடங்கும். கேள்வியை வகுத்தவர் யார், கேட்கப்பட்டவர் யார், கேட்கப்படாதவர் யார் என்று வினவும் தலைமுறையை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது. ஒருகாலத்தில் எதுவும் கேட்கப்படாமல் கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நாம் அளிக்கத்தக்க கல்வி அதுவே.