தேர்வு நாளுக்குப் பின் எழுதப்படும் கணக்கு

1964-இல் ரிக் ரைக்கார்ட் என்ற கல்லூரி ஆட்டக்காரரை ஏஞ்சல்ஸ் அணி 2 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வளைத்துப் போட்டது. அமெரிக்க பேஸ்பால் உரிமையாளர்கள் மிரண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு ஜூனிலேயே டிராஃப்ட் முறை வந்துவிட்டது. அதில் இளம் ஆட்டக்காரர்களைப் பின்தங்கிய அணிகள் முதலில் தேர்ந்தெடுக்கும். எடுத்த அணியோடு மட்டுமே எடுக்கப்பட்ட இளைஞன் பேரம் பேசலாம். செலவைக் கட்டுப்படுத்தப் போட்ட திட்டம்தான். ஆனால் அதன் பெரிய விளைச்சல் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, எத்தனையாவதாக எடுக்கப்பட்டான் என்ற எண் நிலையாகப் பதிந்தது. மேஜர் லீக் என்ற உச்சநிலைக்குக் கீழே உள்ள மைனர் லீக்கின் கீழ்ப்படியிலிருந்து டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று அவன் ஏறியதும் வழியில் நின்றுபோனதும் ஏற்கெனவே பதிவாகிவந்தவை. இரண்டையும் சேர்த்து வைத்ததும், திறமையைக் கண்ணால் எடைபோடும் ஸ்கவுட்களின் கணிப்பையே மற்றவர்கள் எடைபோட முடிந்தது.

முதல் டிராஃப்டிலேயே சான்று கிடைக்கிறது. முதலிடத்தில் போன ரிக் மண்டே நல்ல ஆட்டக்காரர். 19 பருவங்கள் மேஜர் லீக்கில் ஆடினார். ஆனால் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன ஜானி பெஞ்ச் 36-ஆவதாகவும், நோலன் ரயன் 295-ஆவதாகவும் எடுக்கப்பட்டவர்கள். 1966-இல் மெட்ஸ் அணி ஸ்டீவ் சில்காட்டை முதலில் எடுத்தது. அடுத்த இடத்தில் ரெஜி ஜாக்சன் போனார். சில்காட் மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஜாக்சன் 563 ஹோம் ரன் அடித்தார். இப்படிப்பட்ட தனிக்கதைகளை மொத்தக் கணக்காக மாற்றியவர்களில் முக்கியமானவர் பில் ஜேம்ஸ். 1980-களில் அவர் பழைய டிராஃப்டுகளை ஆராய்ந்து, பள்ளியிலிருந்து எடுக்கப்பட்டவர்களைவிடக் கல்லூரியிலிருந்து வந்தவர்களே அணிகளுக்கு அதிகப் பலன் தந்தார்கள் என்று காட்டினார். அணிகள் அதை ஏற்க வெகுகாலம் ஆனது. இளம் உடலின் எதிர்காலத்தைக் கற்பனை செய்வதே தொழில்திறன் என்று ஸ்கவுட்கள் நம்பியிருந்தார்கள்.

ஸ்கவுட்களின் தரவரிசை பிழைபட்டது என்பதை மறுப்பவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, சில்காட்டை வீழ்த்தியது தோள்பட்டைக் காயம், கணிப்புப் பிழை அல்ல. சரிதான், 1991-இல் யாங்கீஸ் 15.5 லட்சம் டாலர் கொடுத்து முதலில் எடுத்த பிட்சர் பிரையன் டெய்லரும் தோள் காயத்தால்தான் மேலே வரவில்லை. அதனாலேயே ஒரு பெயரை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, நீண்ட பட்டியல் வேண்டும் என்கிறேன். இரண்டாவது மறுப்பு கனமானது: முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள்தான் அதிக அளவில் மேலே வருகிறார்கள், எனவே தரவரிசை சரியே. வருவது உண்மை. ஆனால் பெருந்தொகை கொடுத்த அணி அவ்வளவு சீக்கிரம் கைவிடாது; தடுமாறினாலும் மறுபடி களமிறக்கும். கடைசிச் சுற்றுப் பையனுக்கு ஒரு மோசமான பருவமே போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே தரவரிசை கணிப்பாக மட்டும் இருப்பதில்லை, வாய்ப்பையும் அதுவே பங்கிடுகிறது. இதற்கு விதிவிலக்கு மைக் பியாட்சா: 1988-இல் 62-ஆவது சுற்றில், 1,390-ஆவது பெயராக, டாட்ஜர்ஸ் அணி மேலாளரான டாமி லசோர்டா என்ற குடும்ப நண்பரின் தயவால் எடுக்கப்பட்டவர். கேட்சராக மாறி, டொமினிகன் குடியரசிலிருந்த டாட்ஜர்ஸ் பயிற்சிக்கூடத்துக்குப் போய் அந்த வேலையைப் பழகி, 1993-இல் 35 ஹோம் ரன்னோடு சிறந்த புதுமுகம் ஆனார். 2016-இல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரோடு சேர்க்கப்பட்டவர் கென் கிரிஃபி ஜூனியர், 1987-இன் முதல் தேர்வு.

கணக்கை எப்போது மூடுவது என்பதும் எளிதல்ல. 2013-இன் முதல் தேர்வான மார்க் அப்பெல் 2018-இல் ஆட்டத்தைவிட்டு விலகினார். தோல்விப் பட்டியலில் அவர் பெயரை எழுதி முடித்தாயிற்று. ஆனால் 2021-இல் அவர் திரும்பினார், 2022 ஜூனில், 30 வயதில், ஃபில்லீஸ் அணிக்காக மேஜர் லீக்கில் பந்து வீசினார். அதே 2021-இல் டிராஃப்ட் 20 சுற்றுகளாகச் சுருக்கப்பட்டது. மேஜர் லீக்கோடு இணைந்த மைனர் லீக் அணிகளும் 120 ஆகக் குறைந்தன. எடுக்கப்படாதவர்கள் நேரடியாக ஒப்பந்தம் செய்யலாம் என்பது உண்மையே. ஆனால் ஆடிக் காட்டக் களங்களே குறைந்தபின், பியாட்சா போன்றவர்கள் தங்கள் கணக்கை எங்கே தொடங்குவார்கள்?